சாய்ந்த தரை

எங்கள் பாலர் பள்ளி
வால்பராய்சோவில், ஒரு குன்றின் தோளில்.
பழைய நிலநடுக்கம் ஒன்று
தரையைக் கடல் பக்கம்
இரண்டு விரற்கடை சாய்த்துவிட்டுப் போனது.
சரிசெய்யப் பணம் வருகிறது என்றார்கள்.
வந்துகொண்டே இருக்கிறது.
அதுவரை, கீழே விழும் பென்சில்களெல்லாம்
ஜன்னலடியில் கூடிக்கொள்கின்றன.

வியாழக்கிழமை
எர்மீனியா மேசைகளைச் சுவரோரம் தள்ளினாள்.
மீன் பொதிகிற தாள்சுருளை
அறை முழுக்க விரித்தாள்.
மூலைக்கொரு செருப்பு, பறக்காமலிருக்க.
"இன்றைக்கு யாரும் எதையும் வரையக் கூடாது."
அவ்வளவுதான் பாடம்.

நான் தரை துடைப்பவள்.
வாளியும் நானுமாகக் கதவருகே நின்றோம்,
தீப்பிடிக்காத வீட்டின் முன்
தீயணைப்பு வண்டி போல.

கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை.
பால்த்தசார் நீலத்தில் ஒரு விரல் நனைத்து
விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
லியோகாடியா
வீடு போடட்டுமா என்றாள்.
கூடாது.
மீன்?
கூடாது.

அப்போது யார் கையிலிருந்தோ
ஒரு குவளைச் சிவப்பு நழுவிச்
சொத்தென்று விழுந்தது.
நிறத்தை அல்ல,
அந்தச் சத்தத்தைத்தான் எல்லாரும் முதலில் பார்த்தார்கள்.

பிறகு கேட்க வேண்டுமா.
என் விளக்குமாறு மஞ்சளில் முங்கிப்
பின்னோக்கி நடக்கிறது, ஒருவன் அதைப் பிடித்திருக்கிறான்.
அடியில் ஓட்டையிட்ட தகரக்குவளை
உத்தரத்துக் கயிற்றில் ஊசலாடி
கறுப்பை வட்டம் வட்டமாக ஒழுக்குகிறது.
ஒழுகியதும் சிந்தியதும் தெறித்ததும்
சாய்வைக் கண்டுகொண்டு
மெல்ல மெல்லக் கடல் பக்கம் கிளம்புகின்றன.

ராயென் குதித்தாள்,
இரண்டு காலும் சேர்த்துப் பச்சைக்குள்.
மார்ச்சில் பள்ளி திறந்ததிலிருந்து
எங்களுக்கு ஒரு சொல் தராத பிள்ளை.
குதித்தாள். குனிந்து பார்த்தாள். மறுபடி குதித்தாள்.
வழுக்கி உட்கார்ந்தாள்.
உட்கார்ந்ததும் படத்தில் வந்தது.

நகராட்சி மனிதர் கோப்போடு வந்தார்.
தோல் காலணி. வாசலைத் தாண்டவில்லை.
"இது என்ன படம்?"
படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது அவருக்கு.

"இது நான் ஓடினது" என்றான் பால்த்தசார்.
"இது இவன் என்னைத் தள்ளினது."
"இது திருப்பித் தள்ளினது."
"அதோ, அது நான் கை கழுவப் போனது."

லியோகாடியா மட்டும் மூலைச் செருப்பை நகர்த்தினாள்.
அடியில் ஒன்று, சிறியது, வாலோடு.
"இது மீன்."
அவர் நிம்மதியாக
மீன் என்று எழுதிக்கொண்டார்.

ராயென் என் பாவாடையை இழுத்தாள்.
கண்ணாடிக்கு வெளியே
கடற்காக்கையின் எச்சம்,
வெள்ளையாக, நீளமாக, பாதி வழியில் காய்ந்து.
அதைக் காட்டினாள். தன் காலைக் காட்டினாள்.
மீண்டும் அதைக் காட்டினாள்.
எப்போதும் போலப் பேசவில்லை.
ஆனாலும் விளங்கிவிட்டது:
பறந்து போனதில் எஞ்சியது அது.
நான் வாரம் தவறாமல்
வினிகர் போட்டுத் தேய்ப்பதும் அது.

எல்லாரும் போனபின் துடைத்தேன்.
கூலி வாங்குகிறேன், துடைக்காமல் எப்படி?
தாளை மீறி ஊறிய சாயம் துணியில் கலந்து
தரையில் பட்டை பட்டையாக இழுபட்டது.
வலமிருந்து இடம், ஒரு வளைவு, ஒரு மடக்கு,
முழங்கால் வலிக்கும் இடத்தில் ஒரு சிறு தயக்கம்.
ஓ, இப்படியா போகிறது என் கை.
பத்தொன்பது வருடம் குனிந்தேன், நிமிர்ந்தேன்,
தண்ணீரில் செய்ததால்
காய்ந்ததும் காணாமல் போயிற்று.

அதையும் துடைத்தேன், நல்ல தண்ணீர் விட்டு.

வாளியை வெளியே படிக்கட்டில் கவிழ்த்தேன்.
நூற்றுச்சொச்சம் படி, ரொட்டிக்கடை வரைக்கும்.
பழுப்பும் பச்சையுமாக அது
ஒவ்வொரு படியிலும் யோசித்து யோசித்து இறங்கியது.
தெருநாய் ஒன்று அதை மிதித்துக்கொண்டு
என்னை நோக்கி
மேலே ஏறி வந்தது.